கடற்படையில் வேலை பார்க்காதவர் கடற்படை வரலாற்றாசிரியர் ஆக முடியுமா?

முடியும். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் இதே கேள்வியை 1994இல் ஐந்து பேர் உட்கார்ந்திருந்த ஓர் அறையில் என்னிடம் கேட்டார்கள். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். முப்பது வருடம் கழித்து இங்கே அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

கேட்டவர் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். கடல், கப்பல் என்று ஆசையாக ஏதோ சொல்லியிருப்பீர்கள். "அதெல்லாம் நேவிக்காரங்க எழுதறது, நீ பேசாம கோயில் கல்வெட்டு ஏதாவது எடுத்துக்கோ" என்று ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். என் ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும்.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க், இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. வீடு ராயபுரத்தில். சின்ன வயதில் நான் செய்த அட்டகாசத்துக்குப் பாட்டி வைத்த பெயர் 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் வந்து, நூற்றிருபதுக்கு மேல் குண்டுகளைப் போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அந்த வாரம் பட்டணமே காலியானதில், பாட்டியின் அம்மா கைக்குழந்தையோடு மாட்டுவண்டி ஏறிச் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தாராம். அந்தக் கைக்குழந்தைதான் பாட்டி. அதனால் எம்டன் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட உறவுக்காரன் மாதிரி.

கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த மறுவருடமே, பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு அந்தத் தாக்குதலையும் சென்னைக் கடற்கரைப் பாதுகாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். குழுவில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, கப்பல்ல போயிருக்கியா?"

"மகாபலிபுரத்துல போட்ல போயிருக்கேன் சார்" என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, பதற்றத்தில் வாயில் வந்தது. ஐந்து பேரும் சிரித்தார்கள். தலைப்போடு 'சமூகத் தாக்கம்' என்று இரண்டு வார்த்தை சேர்க்கச் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். பெண் என்றால் சமூகத் தாக்கம் எழுதலாம், பீரங்கி எழுதக்கூடாது என்று கணக்கு போலும். சரி, அது வேறு கதை.

ஆர்தர் மார்டர் என்ற பெயர் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் முன்னால் எடுத்துப் போட்டிருப்பேன். 1910இல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் வில்லியம் லாங்கரிடம் படித்து 1936இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். எந்தக் கடற்படையிலும் வேலை பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, அமெரிக்கராக இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க எழுதியது பிரிட்டிஷ் கடற்படையைப் பற்றி. 1940இல் வந்த அவருடைய முதல் புத்தகம் 1880 முதல் 1905 வரையிலான காலத்தைப் பற்றியது. அந்த இருபத்தைந்து வருடத்தில் பிரிட்டன் பெரிய கடற்சண்டை எதுவும் போடவில்லை. அப்புறம் எதைப் பற்றி எழுதினார் என்றால், பட்ஜெட், பத்திரிகைகளின் கூச்சல், அமைச்சர்களின் பயம், தனக்கு அடுத்த இரண்டு கடற்படைகளும் சேர்ந்து வந்தாலும் சமாளிக்கிற அளவுக்குத் தன்னிடம் கப்பல் இருக்கவேண்டும் என்று 1889இல் அவர்கள் போட்ட சட்டம், இதெல்லாம்தான். கப்பலில் போயிருந்தாலும் இதில் ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு, ட்ரெட்நாட் என்ற புதுவகைப் போர்க்கப்பலைக் கொண்டுவந்த அட்மிரல் ஃபிஷரின் கடிதங்களை 1952 தொடங்கி 1959 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அடுத்துதான் அவருடைய பெரிய வேலை. 1904 முதல் 1919 வரையிலான பிரிட்டிஷ் கடற்படை வரலாறு, ஐந்து தொகுதி, முதலாவது 1961இல், கடைசி 1970இல். ஜெர்மன்காரர்கள் தங்கள் கப்பல்களைத் தாங்களே ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கடித்ததோடு முடிகிறது. இதில் பெரும்பகுதி வேலையை அவர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் வாத்தியாராக இருந்துகொண்டு செய்தார். 1944 முதல் இருபது வருடம் அங்கே, பிறகு கலிபோர்னியாவில் இர்வைன். பசிபிக் நடுவில் ஒரு தீவு, அவருக்கு வேண்டிய காகிதமெல்லாம் லண்டனில். பொதுமக்கள் பார்க்க முடியாத அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம்) ஆவணங்களைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. 1971இல் பிரிட்டிஷ் அரசு கௌரவ சி.பி.இ. விருதே கொடுத்தது.

கடல் அனுபவம் இல்லாத குறையை அவர் மறைக்கவில்லை. வயதான அதிகாரிகளைத் தேடிப் போய்க் கேட்டார், கடிதம் எழுதினார், எழுதியதை அவர்களிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1916 ஜட்லாந்து சண்டையைப் பற்றிய மூன்றாம் தொகுதி 1966இல் வந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்.

"அப்போ ராஸ்கில்?" என்று பின்னூட்டத்தில் ஒருவராவது வருவீர்கள், தெரியும். ஸ்டீபன் ராஸ்கில் அசல் கடற்படைக் கேப்டன். பீரங்கிப் பிரிவில் இருந்து காது மந்தமாகி 1948இல் ஓய்வு பெற்று, இரண்டாம் உலகப் போர்க் கடற்சண்டைகளின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியவர். இவருக்கும் மார்டருக்கும் முதலில் நல்ல பழக்கம். பிறகு ஹாங்கி என்ற பெரிய அதிகாரியின் டைரியை யார் மேற்கோள் காட்டுவது என்பதில் முட்டிக்கொண்டது. அது போய், சர்ச்சில் 1939–40இல் அட்மிரல்களின் வேலையில் மூக்கை நுழைத்தாரா இல்லையா என்று புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை. மார்டர் 1980இல் இறந்தார், ராஸ்கில் 1982இல். கிட்டத்தட்ட அதுவரை ஓயவில்லை. யார் சொன்னது சரி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அவர்கள் அடித்துக்கொண்டது ஒரு டைரியையும் சில கோப்புகளையும் வைத்துத்தான் என்பதைக் கவனியுங்கள். அதில் கப்பலோட்டத் தெரிந்தது ராஸ்கிலுக்கு எந்த அளவுக்கு உதவியது?

கடற்படையில் இருப்பவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். என் மாமா பையனே நேவியில் இருபது வருடம் இருந்தவன். புயலில் கப்பல் எப்படி ஆடும் என்று அவன் சொன்னால் வாயைப் பிளந்து கேட்பேன். 1914இல் அந்தத் துறைமுகத்தில் என்ன நடந்தது என்று மட்டும் அவனிடம் கேட்கமாட்டேன். ஒருமுறை கேட்டேன். சுதந்திரப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளைதான் எம்டனில் வந்து குண்டு போட்டார் என்றான்.

இந்த வாட்ஸ்அப் சமாச்சாரத்தைப் பற்றி நாலு வரி எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. செப்டம்பர் பிறந்தால் போதும், எனக்குக் குறைந்தது பத்துப் பேர் இதை அனுப்புகிறார்கள். அதில் பாதி என் பழைய மாணவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஐயா, எம்டன் சீனக் கரையில் இருந்த சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது 1914 ஜூலை 31. பிறகு பசிபிக், அங்கிருந்து இந்தியப் பெருங்கடல். செண்பகராமன் பிள்ளை அந்த செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில், ஜூரிக் நகரில், இந்தியாவுக்கு ஆதரவாக ஒரு குழு அமைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பெர்லின். மனிதர் செய்த உண்மையான வேலையே எவ்வளவோ இருக்கும்போது, செய்யாததைத் தலையில் கட்டினால்தான் பெருமையா? இதைச் சொன்னதற்கு ஒரு குடும்பக் குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 1994 முதல் ஏழு வருடம், கல்லூரி விடுமுறை எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போனது. பென்சில், நோட்டு, மத்தியானத்துக்குத் தயிர்சாதம். தொட்டால் உதிர்கிற தாளை மூச்சுக்கூடப் படாமல் திருப்பி, தேதியும் கோப்பு எண்ணும் போட்டு எழுதி எழுதி, மூன்று அட்டைப்பெட்டி நிறைந்தது. வீட்டில் இடம் கிடையாது, இரண்டு குழந்தைகள் வேறு. துறை அறையில் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

2001இல் கல்லூரிக்குத் தர ஆய்வுக் குழு வருகிறது என்று வெள்ளையடித்தார்கள். நான் மகளுக்கு அம்மை போட்டு பத்து நாள் லீவு. திரும்பி வந்தபோது அறை பளிச்சென்று இருந்தது. பெட்டிகளைக் காணோம். அலுவலகத்தில் கேட்டால் ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார்கள். பழைய தாள், 43 கிலோ, கிலோ 3 ரூபாய் வீதம் 129 ரூபாய். துறைக் கணக்கில் வரவு வைத்தாயிற்று. எல்லாம் முறைப்படி. பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். "சிவகாசிக்கு லோடு போயிடுச்சும்மா" என்றார் கடைக்காரர். பட்டாசுக்குக் குழாய் சுற்ற.

கல்லூரியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அந்த அலுவலக உதவியாளர் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார், எனக்கே பாவமாக இருக்கும்.

ஏழெட்டு வருடம் கழித்து இணையத்தில் எதையோ தேடும்போதுதான் மார்டரின் கதையைப் படித்தேன். 1959இல் ஹவாயில், அடுத்த தொகுதிகளுக்காக அவர் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் குப்பை என்று நினைத்து எரித்துவிட்டார். படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மேலே படித்தால், மனிதர் மறுபடி லண்டன் போய், பார்த்த ஆவணங்களையே திரும்பப் பார்த்து, எழுதியதையே திரும்ப எழுதி எடுத்திருக்கிறார். இரண்டாம் தொகுதி 1965இல் வந்துவிட்டது.

நான் மறுபடி எழும்பூர் போகவில்லை. ஹவாயிலிருந்து லண்டன் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும். எனக்கு ராயபுரத்திலிருந்து ஒரே பஸ்.

அவருக்கு ஆய்வு நிதி இருந்தது, பெயர் இருந்தது, பதிப்பாளர் காத்திருந்தார். எனக்கு வாரத்துக்குப் பதினாறு வகுப்பு, சம்பளமில்லா விடுப்பு, மாமியாருக்குச் சர்க்கரை. இப்படித்தான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், பொய்யும் இல்லை. ஆனால் அன்று பேப்பர் கடையிலிருந்து நடந்து வரும்போது, அழுகைக்கு நடுவே, அப்பாடா இனிமேல் இதை எழுதி முடிக்கவேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. பெட்டி போனது 2001இல்தான், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் ஓர் அத்தியாயம்கூட நான் எழுதியிருக்கவில்லை. கப்பலில் போகாதது அதற்குக் காரணம் இல்லை.

இன்னொன்று, மார்டர் எழுதியதெல்லாம் வேதம் இல்லை. 1989இல் ஜான் சுமிடா என்ற இன்னொரு பேராசிரியர், கணக்கு வழக்குகளையும் பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவிகளைப் பற்றிய ஆவணங்களையும் தோண்டி, ஃபிஷரைப் பற்றி மார்டர் கட்டிய சித்திரத்தையே அசைத்தார். அவரும் கல்லூரி வாத்தியார்தான்.

கேட்டவருக்கு: தலைப்பை விடாதீர்கள். ஜெர்மன் மொழி கொஞ்சமாவது கற்றுக்கொள்ளுங்கள், நான் கற்காதது பெரிய பிழை. குறிப்புகளைப் போனில் படம் எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஓர் இடம் உங்கள் துறை அறையாக இருக்கக்கூடாது.

பெட்டிகளில் போகாமல் வீட்டில் தங்கிய ஒரு நோட்டு என்னிடம் இருக்கிறது. நாற்பது பக்கம். குண்டு விழுந்த மறுவாரம் ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி எடுத்த குறிப்புகள், கோப்பு எண்களோடு. பென்சில் எழுத்து மங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் படிக்கலாம். உங்கள் தலைப்பு இதற்குப் பக்கத்தில் என்றால் செய்தி அனுப்புங்கள், ஸ்கேன் எடுத்துத் தருகிறேன்.