பதினோரு நாள் வராத வலிப்பு

கேள்வி: என் அக்காள் மகளுக்கு ஐந்து வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு என்று சொல்லி ஆறு மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். இரண்டு வலிப்பு மருந்துகள் சாப்பிடுகிறாள். வலிப்பை அக்காவைத் தவிர யாரும் நேரில் பார்த்ததில்லை. அத்தான் வெளியூரில் வேலை செய்கிறார். அக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது குழந்தை பதினோரு நாள் என்னிடம் இருந்தாள், ஒருமுறைகூட வரவில்லை. மாலையானால், “இன்னைக்கு எனக்கு வரலையா சித்தி?” என்று கேட்பாள். அக்கா வீடு திரும்பிய அன்றிரவே மூன்று முறை வந்ததாம். பகலில் தூங்கி விழுகிறாள், இரவில் பல்லைக் கடிக்கிறாள், நகங்களில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, கால் வலிக்கிறது என்கிறாள். பிள்ளைக்கு இல்லாத நோயைச் சொல்லும் தாய்மார்களைப் பற்றி இணையத்தில் படித்தேன். அங்கிருந்த பதினான்கு அடையாளங்களில் பத்து அக்காவுக்குப் பொருந்துகின்றன. மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா? ரகசியமாகக் கேமரா வைக்கலாமா? பெற்ற தாயை இப்படிச் சந்தேகிப்பது பாவமா?

பதில்: மருந்தை நிறுத்திப் பார்க்கும் எண்ணத்தை இந்த வரியைப் படித்த கையோடு விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் வலிப்பு மருந்து எடுத்துவந்த குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சில மருந்துகளைப் பொறுத்தவரை, வலிப்பு நோயே இல்லாத குழந்தைக்குக்கூட நிறுத்தியதாலேயே வலிப்பு வரலாம். அப்படி ஒன்று நேர்ந்தால், நீங்கள் எதைச் சோதிக்கப் புறப்பட்டீர்களோ அதற்கு நேர்மாறானது நிரூபணமாகிவிடும், அதற்கான விலையைக் குழந்தை கொடுப்பாள். கேமராவும் வேண்டாம். இங்கிலாந்தில் மருத்துவமனை அறைகளில் மறைகேமரா வைத்துக் கண்காணித்த அனுபவம் 1997இல் அறிக்கையாக வெளிவந்தது. கண்காணிக்கப்பட்ட 39 குழந்தைகளில் 33 பேருக்கு இழைக்கப்பட்ட கொடுமை அதில் பதிவானது உண்மைதான். ஆனால் அங்கே திரையை இடைவிடாமல் பார்த்துக்கொண்டு, கணப்பொழுதில் உள்ளே நுழைந்து குழந்தையைக் காப்பாற்ற ஆட்கள் தயாராக இருந்தார்கள். அப்படியிருந்தும் அந்த முறை பெரும் சர்ச்சைக்குள்ளானது. வரவேற்பறை அலமாரியில் நீங்கள் ஒளித்துவைக்கும் கேமரா எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது. அது அக்காவின் கண்ணில் பட்டால் குழந்தையை நீங்கள் பார்க்கும் வாய்ப்பும் அன்றோடு முடிந்துவிடும்.

நகத்திலுள்ள வெள்ளைப் புள்ளிகள் எங்கேயோ இடித்துக்கொண்டதன் தடயம். நகம் வளர வளர மறைந்துவிடும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பது இந்த வயதில் சர்வசாதாரணம், அதற்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. நாள் முழுவதும் ஓடியாடும் குழந்தைக்கு இரவில் கால் வலிப்பதும் அப்படித்தான். பகல் தூக்கத்தை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அது மருந்தின் அளவு கூடியதால் இருக்கலாம், இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்ததால் இருக்கலாம், எழுதிக்கொடுக்காத ஏதோ ஒன்று உள்ளே போவதாலும் இருக்கலாம். எது என்பதை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தும், தேவைப்பட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றனவா என்று தேடியும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பதினான்கு அடையாளங்களுக்கு வருவோம். தாய்க்கு மருத்துவச் சொற்கள் சரளமாக வரும், படுக்கையை விட்டு நகர மாட்டார், செவிலியர்களோடு நெருக்கமாகப் பழகுவார், இன்னும் ஒரு பரிசோதனை செய்யுங்கள் என்று வற்புறுத்துவார், ஒரு மருத்துவர் சொன்னதை நம்பாமல் இன்னொருவரிடம் போவார் என்று எழுதியிருப்பார்கள். நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அலைந்த எந்தத் தாயும் இப்படித்தான் இருப்பார். என் வார்டில் இருக்கும் தாய்மார்களிடம் அந்தப் பட்டியலை நீட்டினால் பாதிப் பேர் தேறிவிடுவார்கள். ஆகவே பத்துக்கும் பதினான்குக்கும் ஒரு மதிப்பும் இல்லை. அதிகம் பயப்படும் தாயும் நோயைப் புனையும் ரகத்தில் சேரமாட்டார். பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அவர் முகம் தெளியும், மூன்று நாள் கழித்து மறுபடியும் பயந்துகொண்டு வருவாரே தவிர, நல்ல முடிவைக் கேட்டு ஏமாற்றம் அடைய மாட்டார்.

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே கவனிக்கவேண்டியது, நீங்கள் பட்டியலில் சேர்க்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வாக்கியங்கள்தான். நோயை ஒரே ஒருவர் மட்டும் பார்த்திருக்கிறார். அவர் விலகியிருந்தபோது நோயும் விலகியிருந்தது, அவர் திரும்பியதும் அதுவும் திரும்பியது. இந்த விஷயத்தில் மருத்துவர்களாகிய நாங்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுப்பது நோய் இப்படி வந்துபோகும் முறைக்குத்தான். அதையும் அவசரப்பட்டுத் தீர்ப்பாக்கிவிடக் கூடாது. மருந்து ஒழுங்காக எடுக்கும் குழந்தைக்குப் பதினோரு நாள் வலிப்பில்லாமல் இருப்பது பெரிய அதிசயம் அல்ல. சில வகை வலிப்பு உறக்கத்தில் மட்டும் வரும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி பரிசோதனை இயல்பாக இருந்ததாக யாராவது சொல்லியிருந்தால் அதையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். உண்மையான வலிப்பு நோயாளிகளிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் இஇஜியில் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு வருடத்தில் அத்தான் பார்த்ததில்லை, பள்ளி ஆசிரியை பார்த்ததில்லை, மருத்துவமனையில் தங்கியிருந்த நாட்களில் ஒரு செவிலியர்கூடப் பார்த்ததில்லை என்றால், அது விளக்கம் தேடவேண்டிய செய்தி.

பிள்ளைக்கு இல்லாத நோயைப் புனையும் இந்தக் கொடுமைக்கு ஒரு பெயர் வைக்கப்பட்டது 1977இல். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ, லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. சிறுநீரில் இரத்தம் வருகிறது என்று 12 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள், 16 நிபுணர்கள் பார்த்தார்கள், மயக்கம் கொடுத்துத் திரும்பத் திரும்ப உள்ளே குழாய் விட்டுப் பரிசோதித்தார்கள். கடைசியில் பார்த்தால், தாய் அருகில் இல்லாதபோது எடுத்த மாதிரிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. மற்றவற்றில் இருந்தது தாயின் இரத்தம். இன்னொரு குழந்தைக்கு உப்பு அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டிருந்தது. அது இரண்டு வயதாகும் முன்பே இறந்துபோனது. பெரியவர்கள் தமக்கே நோயைப் புனைந்துகொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைவதற்கு ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் 1951இல், கட்டுக்கதைகளுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு முன்சௌசனின் பெயரைச் சூட்டியிருந்தார். மெடோ அதையே எடுத்து, பதிலாள் வழி முன்சௌசன் நோய்க்குறி என்றார். எனக்கு அந்தப் பெயர் என்றுமே பிடித்ததில்லை. கேட்பவர் கவனம் முழுவதும் விசித்திரமான தாயின் மேல் போய்விடுகிறது, குழந்தை கட்டிலிலேயே விடப்படுகிறாள். 2013இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, பராமரிப்பவர் புனைந்த நோய் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, தாயின் நோக்கத்தைவிடக் குழந்தைக்கு நேர்ந்த தீங்கையே பார்க்கவேண்டும் என்று சொன்னது. சரியான வழி அதுதான்.

ஏனென்றால் அந்தத் தீங்கில் பெரும்பகுதியைச் செய்வது நாங்கள். பொய்யைச் சொல்பவர் வீட்டில் இருப்பவராக இருக்கலாம். ஊசி குத்துவதும், மயக்க மருந்து கொடுப்பதும், தேவையில்லாத மாத்திரையை எழுதுவதும் மருத்துவரின் கைகள். பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒரு சிறுமி, செவிலியர் தட்டோடு வருவதைக் கண்டதும், யாரும் கேட்பதற்கு முன்பே இடது கையை நீட்டி, வலது கையால் தன் முழங்கைக்குக் கீழே தானே இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், நரம்பு புடைப்பதற்காக. வயது நான்கு. எவ்வளவு சமர்த்து என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம், நானும்தான். அவளுக்குச் சொல்லப்பட்ட நோய் எதுவும் அவளிடம் இல்லை என்பது தெரியவந்தபோது அவளுக்கு இரண்டு அறுவை சிகிச்சைகள் முடிந்திருந்தன. உலகெங்கும் பதிவான 451 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து 2003இல் வெளியான ஆய்வில், முதல் அறிகுறிக்கும் உண்மை தெரிவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 22 மாதங்கள் கழிந்திருந்தன. 6 சதவீதம் குழந்தைகள் இறந்துபோயிருந்தார்கள். மருத்துவ இதழ்களில் பதிவாவது பெரும்பாலும் கடுமையானவைதான் என்பதால் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனால் தாமதம் பல இடங்களிலும் நேர்வதுதான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1989இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு கைக்குழந்தையின் இரத்தத்தில் விஷம் இருப்பதாக ஆய்வகம் அறிக்கை கொடுத்தது. குழந்தை இறந்தது, தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு அடுத்துப் பிறந்த குழந்தைக்கு மெத்தில்மலோனிக் அசிடீமியா என்ற பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறு இருப்பது தெரிந்து, இறந்த குழந்தையின் இரத்தத்தை மறுபடியும் ஆராய்ந்தபோது, விஷம் என்று படிக்கப்பட்டது அந்த நோயினால் உடலிலேயே உண்டான வேறொரு பொருள் என்பது தெளிவானது. 1991இல் அவரை விடுவித்தார்கள். ஆய்வகமே இப்படித் தவறும்போது, கைப்பேசியில் படித்த ஒரு பக்கத்தை நம்பித் தீர்ப்பு எழுதலாமா?

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதம் முழுவதும் உங்களை வாட்டுவது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தால் அக்காவை இழந்துவிடுவோமோ, திறக்காவிட்டால் குழந்தையை இழந்துவிடுவோமோ என்று தவிக்கிறீர்கள். அக்கா எப்படிப்பட்டவர், வேண்டுமென்றே பொய் சொல்கிறாரா, தான் சொல்வதைத் தானே நம்புகிறாரா, குழந்தை கண் சிமிட்டினாலும் வலிப்பு என்று நினைக்கும் அளவுக்குப் பயந்து போயிருக்கிறாரா, இவற்றில் எதையும் நீங்கள் முடிவு செய்யத் தேவையில்லை. மருத்துவருக்கும் முதல் நாளே அது தேவைப்படாது. நீங்கள் பார்த்ததை, பார்த்தபடி, சொல்லவேண்டியவரிடம் சொல்வது சந்தேகம் ஆகாது, அது சாட்சி. குழந்தைக்கு வலிப்பு இருப்பது உண்மையானால் உங்கள் சாட்சியால் ஒரு கெடுதலும் வராது, மருந்தளவைச் சரிசெய்யக்கூட அது உதவும்.

சொல்லவேண்டியவர் உங்கள் அக்கா அல்ல. அவரை நேரில் கேட்டுவிடாதீர்கள். இதில் நல்ல மனதுள்ளவர்கள் செய்யும் பெரிய பிழை அதுதான். கேட்கப்பட்டவர் ஏழாவது மருத்துவமனைக்குப் போய்விடுவார், அல்லது தான் சொன்னது உண்மை என்று காட்டுவதற்காக, இதுவரை வாயளவில் இருந்ததைக் குழந்தையின் உடம்பில் செய்துகாட்டத் துணிவார். உறவினர் கூட்டத்தைக் கூட்டிப் பேசுவதும் இதே விளைவைத்தான் தரும். குழந்தைக்கு இப்போது வைத்தியம் பார்ப்பவரைத் தனியாகச் சந்திக்க நேரம் கேளுங்கள். குழந்தையைப் பற்றிய விவரங்களை அவர் உங்களிடம் சொல்ல மறுக்கலாம், அது அவர் கடமை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அவர் காது கொடுக்காவிட்டால் அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ, உங்கள் பகுதியின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமோ போங்கள். அதன்பின் அவர்கள் செய்யக்கூடியவை நிறைய: ஆறு மருத்துவமனைக் கோப்புகளையும் ஒரே மேசையில் விரிப்பது, பள்ளியில் கேட்பது, குழந்தையை உள்நோயாளியாக வைத்து இஇஜியும் வீடியோவும் சேர்ந்த கண்காணிப்பைச் செய்வது, மருந்தைக் குறைக்கவேண்டுமானால் தங்கள் கண் முன்னால் படிப்படியாகக் குறைப்பது. ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கவேண்டாம்: குழந்தை எழுப்பினாலும் எழாத மயக்கத்தில் இருந்தாலோ, மூச்சு நின்று வந்தது என்று கேள்விப்பட்டாலோ, காரணமே இல்லாமல் வாந்தியும் தள்ளாட்டமும் தொடங்கினாலோ, அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், மருந்து அளவு கூடிப்போயிருக்கலாம் என்ற ஐயத்தை அங்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள். பதினோரு நாட்களுக்கும் தேதி போட்டு, எத்தனை மணிக்கு எந்த மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினாள், எப்படிச் சாப்பிட்டாள், ஓடி விளையாடினாளா, இரவில் யார் பக்கத்தில் படுத்திருந்தார் என்பதை மட்டும் எழுதுங்கள். “அக்கா” என்ற சொல்லோ, “எனக்குத் தோன்றுகிறது” என்ற சொல்லோ அந்தத் தாளில் வேண்டாம். ஆனால் அவள் மாலையில் கேட்ட கேள்வியை, அவள் கேட்ட சொற்களிலேயே, எந்தெந்த நாளில் கேட்டாள் என்பதோடு எழுதிவையுங்கள். தனக்கு வருவது என்ன என்று தெரியாமல், அது வரவேண்டிய நேரம் தவறிவிட்டதே என்று ஐந்து வயதுக் குழந்தை விசாரிக்கிறாள் என்றால், எத்தனை மாலைகளில் அவளுக்கு அது வந்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கவேண்டும் என்பதை அவளுடைய மருத்துவர் கணக்கிட்டுக்கொள்வார்.