பழைய டீசல் காரில் காலையில் கடகட சத்தம்: என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான்: 2011 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார், 1,70,000 கி.மீ. ஓடியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்து சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. ஆயில் மாற்றியும் போகவில்லை. "பேரிங் போயிருச்சு சார், என்ஜின் இறக்கணும்" என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். நான் டீசல் வண்டிகளை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன். சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் 'இறக்கணும்' என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு கெட்ட பழக்கம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டக் டக், கடகட, சரசர என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, கிளட்சை மிதித்தாலா, ரேஸ் கொடுத்தாலா என்ற கேள்விகளுக்கு ஒரே பதில்தான் உண்டு.

உங்கள் விஷயத்தில் அந்தப் பதிலே பேரிங்குக்கு எதிராக நிற்கிறது. பிஸ்டன் ராடு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் சத்தம் கூடும். அது அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த இடி. மேட்டில் ஏற்றும்போது பலமாகக் கேட்கும். ஐடிலிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் நிற்கும்போது, ஆயில் விளக்கு லேசாக மினுக்கவும் செய்யலாம். குளிரில் வந்து சில நொடிகளில் அடங்குகிற சத்தம் பெரும்பாலும் ஆயில் பிரஷர் ஏறுவதற்காகக் காத்திருக்கும் ஏதோ ஒரு பாகத்தினுடையது. இந்த என்ஜினில் அப்படி இரண்டு இருக்கின்றன: வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயினின் டென்ஷனர், வால்வு இடைவெளியை ஆயிலால் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டப்பெட்.

மாடலைப் பார்த்தால் உங்களுடையது ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று அந்தக் காலத்தில் நம் ஊரில் ஓடிய பல கார்களிலும் அதே என்ஜின்தான். நான்கு சிலிண்டர், 16 வால்வு, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். நல்ல என்ஜின், எனக்கு மிகவும் பிடித்த என்ஜினும்கூட. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகிறது. 'செயின் வண்டி, ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்' என்று விற்கும்போது சொன்னதை நம்பி ஆயிலைத் தள்ளிப்போட்டவர்களின் வண்டிகள்தான் இந்தச் சத்தத்தோடு பட்டறைக்கு வருகின்றன.

செயின் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அத்தனை கண்ணியின் தேய்மானமும் சேர்ந்து மொத்த நீளம் கூடிவிடும். டீசல் என்ஜினின் ஆயிலில் கலக்கும் கரி, உப்புத்தாள் போல அந்தப் பின்களை அரிக்கிறது. நீண்டுவிட்ட செயினை ஆயில் பிரஷரால் இழுத்துப் பிடிப்பதுதான் டென்ஷனரின் வேலை. இரவெல்லாம் நின்ற வண்டியில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் இறங்கிவிட்டால், காலையில் பிரஷர் வரும்வரை தொளதொளத்த செயின் கைடிலும் கவரிலும் அடித்துக்கொள்ளும். நீங்கள் கேட்பது அதுவாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அதைவிட மலிவான காரணங்களும் உண்டு. முதலில் ஆயில் பில்டர். என்ஜின் நின்றதும் ஆயில், அடியில் தேங்கும் சேம்பருக்குத் திரும்பி வழிந்துவிடாமல் தடுக்க பில்டரிலோ அதன் கூட்டிலோ ஒரு வால்வு உண்டு. மட்டமான பில்டர் போட்டிருந்தால் அந்த வால்வு சரியாகப் பிடிக்காமல் போகலாம். காலையில் பம்பு முதலில் காலியான பில்டரை நிரப்பிவிட்டுத்தான் மற்ற இடங்களுக்கு ஆயில் அனுப்பும். ஆயில் மாற்றியபோது என்ன பில்டர் போட்டார்கள், என்ன கிரேடு ஆயில் ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். சத்தத்தை அமுக்குவதற்காக 20டபிள்யூ-50 என்ற கெட்டி கிரேடை ஊற்றும் ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டி ஆயில் காலையில் டென்ஷனருக்குப் போய்ச் சேர இன்னும் நேரமெடுக்கும். கம்பெனி கையேட்டில் உள்ள கிரேடையே ஊற்றச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் டப்பா மருந்து எதுவும் வேண்டாம்.

அடுத்தது என்ஜினுக்கு வெளியே தொங்கும் சாமான்கள். போரூரிலிருந்து ஒரு தம்பி வண்டி கொண்டுவந்தார். இதே கதை, அவரிடமும் என்ஜின் வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். சத்தமே இல்லை. ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் இருக்கும் ஒருவழி கிளட்ச் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "அண்ணே, இதுக்கா என்ஜினை இறக்கச் சொன்னாங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெல்ட்டைக் கழற்ற ஆகும் நேரத்தைக்கூட அந்த வண்டிக்கு யாரும் செலவழித்திருக்கவில்லை. நீங்கள் இதைச் செய்வதானால் ஒரு நிமிடத்துக்குள் என்ஜினை நிறுத்திவிடுங்கள். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

அப்படியே கிளட்சையும் பாருங்கள். மிதித்ததும் சத்தம் மாறினால் என்ஜினை விட்டுவிட்டு கிளட்ச், பிரஷர் பிளேட், கியர்பாக்ஸ் பக்கம் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சரசரத்தால் சைலன்சர் மேலிருக்கும் ஹீட் ஷீல்டாக இருக்கும். ஒரு கிளாம்பில் முடிகிற வேலை.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் ஒதுக்கிவிட முடியாது. பழைய அம்பாசிடர் டீசல் காலத்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் லேசாகத் தளர்த்தி, எந்த சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் போகிறது என்று பார்ப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் உங்களுடையது போன்ற காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அந்தப் பைப்பில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகக்கூடியது. ஊசிமுனை அளவு கசிவுகூட தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடக்கூடும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரிலேயே இன்ஜெக்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம், கரெக்‌ஷன் அளவையும் (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) படிக்கலாம். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் சட்டென்று குறைந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரோ பேரிங்கோதான் காரணம். செயின் சத்தம் எந்த இன்ஜெக்டரை நிறுத்தினாலும் பெரிதாக மாறாது. ஸ்கேனரில் பி0016 என்ற கோடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கும் வால்வுகளைத் திறக்கும் கேமும் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் இல்லை என்று பொருள். இந்தச் சத்தத்தோடு அந்தக் கோடும் வந்தால் செயின் மீது சந்தேகம் பலமாகிறது.

இடத்தைப் பிடிக்க நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றே போதும். முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்ளுங்கள். வால்வு கவர், பெல்ட் பக்கத்து முன் கவர், சேம்பர், ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொரு இடமாக மாற்றி வையுங்கள். மூல இடத்தில் சத்தம் மண்டைக்குள்ளேயே அடிப்பது போலக் கேட்கும், ஒரு சாண் தள்ளினாலே மங்கிவிடும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. முன் கவரில் பலமாகக் கேட்டால் செயின். வால்வு கவரில் மெல்லிய டிக் டிக் என்று கேட்டு, வண்டி சூடானதும் மறைந்தால் டப்பெட்.

பேரிங் என்ற சந்தேகம் அப்போதும் போகவில்லையா? ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மீட்டர் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். நன்றாகச் சூடான பின் ஐடிலிங்கில் 1 பாருக்கும் கீழே போனால் கவலைப்பட வேண்டும். வடித்த ஆயிலைக் கொஞ்சம் வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கரி வெறும் கறுப்பாகத்தான் இருக்கும். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் உலோகம் உரிகிறது. பழைய பில்டரின் மடிப்புத் தாளை அறுத்து விரித்தும் பார்க்கலாம். மினுமினுப்பு இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, இறக்கிவிடுங்கள். பிரஷரும் சரி, துணியும் சுத்தம் என்றால் அவர் சொன்னதற்கு ஆதாரமில்லை.

செயின்தான் என்று உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினால்கூட ஓட்டம் கெடும். அதற்கு மேல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி ராக்கர் உடையும், வால்வு வளையும். அப்போதுதான் உண்மையிலேயே என்ஜின் வேலை வரும். செயின் மட்டும் போடாமல் டென்ஷனர், கைடு, பல் சக்கரம், சீல் எல்லாம் அடங்கிய முழு கிட்டாகப் போடுங்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் புது கிட் கிடைக்கும். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி வாங்குங்கள், பழைய டென்ஷனர் மட்டும் வாங்காதீர்கள். சேம்பரையும் இறக்க வேண்டியிருப்பதால் அடியில் இருக்கும் ஸ்ட்ரைனரை (ஆயில் பம்பின் சல்லடை) சுத்தம் செய்ய அதுவே சமயம்.

வேலை கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிராங்கையும் கேமையும் பூட்டிவைக்கும் பின்கள் இருக்கின்றனவா? 'பெயிண்ட் மார்க் போட்டுப் பண்ணிடலாம்' என்று பதில் வந்தால் வேறு பட்டறைக்குப் போங்கள். தேய்ந்த செயினில் போட்ட மார்க் தேய்மானத்தையும் சேர்த்தேதான் காட்டும். மாட்டி முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்கள் மறுபடியும் சரியாக நுழைகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

அதுவரை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேட்டில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். காலையில் சத்தம் அடங்கும்வரை ரேஸ் கொடுக்காமல் இருங்கள். அது அடங்க எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் கூடினால் அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவே வேண்டாம், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.