பீடன்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்த நண்பர்கள், நாயகி பாதிக்கதை வரை வாய் திறப்பதில்லை, பாத்திர வளர்ச்சியே இல்லை என்கிறார்கள். கண்ணகியும் அப்படித்தானே? அழுதுகொண்டிருந்தவள் வழக்குரை காதையில் திடீரென்று வேறொருத்தி ஆகிவிடுகிறாள். காப்பியத்தில் இது செல்லும், நாவலில் செல்லுமா? சிலம்பின் தலைமைப் பாத்திரம் கோவலனா, கண்ணகியா?

வி., தஞ்சாவூர்

அன்புள்ள வி.,

தலைமைப் பாத்திரம் யார் என்பது பட்டிமன்றக்காரர்களின் கவலை. ‘திடீரென்று’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பாடப்புத்தகத்தில் வந்த பகுதியை மட்டும் படித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். நாவல் எழுதுகிறவர் இப்படிச் செய்யலாமா?

எட்டாம் வகுப்பில், ஒப்புவித்தல் போட்டிக்காக நானும் ‘தேரா மன்னா’ என்று தொண்டை கிழியக் கத்தியவன்தான். தமிழாசிரியர் கையமர்த்தினார். “முதலில் ‘பீடன்று’ சொல்லிக் காட்டு” என்றார். அது எங்கே வருகிறது என்றே எனக்குத் தெரியாது. அன்று மாலை முழுவதும் உட்கார வைத்துச் சொல்லித்தந்தார்.

முப்பது காதைகளில் முதல் எட்டு முடியும்வரை கண்ணகியின் குரல் நமக்குக் கேட்பதில்லை. திருமணத்தின்போது அவளுக்கு வயது 12, பாவம். ஒன்பதாம் காதையில்தான் தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் மூழ்கி, மன்மதன் கோயிலான காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புற்று வாழலாம், ஒருநாள் போவோம் என்கிறாள் தேவந்தி. எத்தனை நாள் காத்துக் கிடந்தவள்! ‘பீடன்று’ என்கிறாள். அது நமக்குப் பெருமையாகாது. ஒற்றைச் சொல். உடனே கோவலன் வந்து நிற்கிறான், பொருளெல்லாம் தொலைந்தது நாணமாக இருக்கிறது என்று. முறுவலோடு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

புகாரை விட்டுச் சிறிது தூரம் நடந்ததும் மூச்சு வாங்க, மதுரை மூதூர் எது என்று குழந்தைபோலக் கேட்கிறவளும் இவள்தான். கொலைக்களக் காதையில், சமைத்துப் பரிமாறி வெற்றிலை கொடுத்த பிறகு, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, தகாத வழியில் நடந்தீர்கள் என்று கணவனின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் ஒற்றைச் சிலம்போடு கடைவீதிக்குப் போகிறான். முதலில் தெய்வத்தின் வாசலை மறுத்தாள். அடுத்து கணவனின் குற்றத்தைச் சொன்னாள். மிச்சம் இருந்தவன் அரசன். இதில் எங்கே ஐயா இருக்கிறது உங்கள் ‘திடீரென்று’?

போட்டியன்று ‘தேரா மன்னா’வைத் தணிந்த குரலில் சொன்னேன். பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. ஆசிரியர் என் தோளில் கைவைத்தபடி பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார்.

உங்கள் நாயகி பேசாதிருப்பது குறையே இல்லை. நண்பர்களுக்குப் பயந்து அவள் வாயில் வசனத்தைத் திணித்துவிடாதீர்கள். முதன்முதலாக அவள் எதை வேண்டாம் என்கிறாள்? அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.