‘24 ஜிபி கிராபிக்ஸ்’ என்ற ஒற்றை வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: கட்டட வடிவமைப்பாளர்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருகிறேன். பிளெண்டர் மென்பொருளில் உள்ள சைக்கிள்ஸ் என்ற கருவியைக் கொண்டு ரெண்டர் எடுப்பதுதான், அதாவது அமைத்த காட்சியை முடிந்த படமாக்குவதுதான் முக்கிய வேலை. இப்போதுள்ள கணினியில் ஒரு படம் முடிய 40 நிமிடம் ஆகிறது. புதிதாக அசெம்பிள் செய்யக் கேட்டதற்கு, ‘ஐ9 பிராசசர், 128 ஜிபி ரேம், 24 ஜிபி என்விடியா கிராபிக்ஸ், 1000 வாட்ஸ் கோல்டு எஸ்.எம்.பி.எஸ்., வாட்டர் கூலர்’ என்று எழுதி ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த என் தொழில் கூட்டாளி, அதே கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பே போதுமே என்கிறார். இந்தச் செலவு நியாயம்தானா? அவருக்கு நான் எப்படிப் புரியவைப்பது?

பதில்: செலவு நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எந்தப் பொருளுக்கான செலவு என்பதே உங்கள் கையில் உள்ள விலைப்புள்ளியில் இல்லை. ‘24 ஜிபி என்விடியா கிராபிக்ஸ்’ என்ற பெயரில் எந்தக் கார்டும் கிடையாது. 2018 இறுதியில் வந்த டைட்டன் ஆர்டிஎக்ஸ், 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090, 2022 மார்ச்சில் வந்த 3090 டிஐ, அதே ஆண்டு அக்டோபரில் வந்த 4090 ஆகிய நான்கிலும் 24 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது. உங்கள் சைக்கிள்ஸ் வேலையில் 3090-இன் வேகம் 4090-இன் வேகத்தில் ஏறத்தாழப் பாதி. எந்தக் கார்டைப் பொருத்திக் கொடுத்தாலும் எழுதிக் கொடுத்த வரி பொய்யாகாது என்பதுதான் அந்த வரியின் சாமர்த்தியம்.

ஒருமுறை ஒருவர், வாங்கி இரண்டு மாதமான கணினியை மிகவும் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் கொண்டுவந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே 2014-இல் தரவு மையங்களுக்காக வெளியான டெஸ்லா கே80 இருந்தது. அதற்கென்று காற்றாடியும் இல்லை, மானிட்டர் சொருகும் வாயும் இல்லை. கார்டின் வாலில் அட்டையை மடித்துக் குழாய் போல ஒட்டி, அதன் முனையில் ஒரு சிறு ஃபேனைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கார்டில் இருப்பது 24 ஜிபிதான், ஆனால் அது தனித்தனி சிப்புகளுக்கான 12-ம் 12-ம் சேர்ந்த கணக்கு. விலைப்புள்ளியில் ‘24 ஜிபி’ என்றுதான் இருந்தது, பில்லிலும் அப்படியே இருந்தது. அவர் யாரிடம் போய் முறையிட முடியும்?

ஆகவே முதல் வேலையாக, ஒவ்வொரு உதிரிக்கும் தயாரிப்பாளர் பெயர், முழு மாடல் எண், புதியதா பயன்படுத்தியதா என்ற விவரம், தனி விலை ஆகிய நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘மொத்தமாகப் பார்த்தால் லாபம், பிரித்துப் போட்டால் விலை கூடும்’ என்ற பதில் வந்தால், அந்த மொத்தத்துக்குள் எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, 4090 என்று எழுதித் தந்தால் கூடுதலாக எச்சரிக்கை தேவை. அதன் தயாரிப்பு 2024 இறுதியிலேயே நின்றுபோனது. முத்திரை பிரிக்காத புதுப் பெட்டி இன்னும் எங்கிருந்து வருகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிப்பையும் நினைவகத்தையும் கழற்றி எடுத்துவிட்டு வெறும் பலகையை மூடி விற்ற மோசடிகள் இந்தக் கார்டில்தான் வெளிவந்தன.

இனி உங்கள் கூட்டாளியின் லேப்டாப் யோசனைக்கு வருகிறேன். அவர் மீது குற்றமில்லை, பெயர் வைத்தவர்கள் மீதுதான் குற்றம். மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 5090-இல் 21,760 கூடா கோர்களும் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) 32 ஜிபி நினைவகமும் உள்ளன, அது 575 வாட் வரை மின்சாரம் எடுக்கும். லேப்டாப்பில் அதே 5090 என்ற பெயரில் வருவதில் 10,496 கோர்களும் 24 ஜிபியும்தான் உள்ளன, மின்சாரமும் அதிகபட்சம் 175 வாட் அளவோடு நின்றுவிடுகிறது. பாதிக்கும் குறைவான கோர்களும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரமும் கொண்ட ஒரு பொருளுக்கு அதே எண்ணைச் சூட்டி விற்பதை இந்தத் துறை வெட்கமில்லாமல் ஆண்டுக்கணக்கில் செய்துவருகிறது. 2022-இல் 4080 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரு வேறு சிப்புகளை அறிவித்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் 12 ஜிபி கார்டை மட்டும் விற்பனைக்கு வருமுன்பே திரும்பப் பெற்றுக்கொண்டதையும் பார்த்தோம். வாங்குபவர் ஒவ்வொரு முறையும் கோர் எண்ணிக்கையைத் தேடிப் படித்தால்தான் ஏமாறாமல் இருக்க முடியும் என்ற நிலையை எந்த அமைப்பும் தட்டிக்கேட்பதாகத் தெரியவில்லை. கூட்டாளியிடம் இந்த இரண்டு கோர் எண்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் கணக்குத் தேவை. இதில் பலரும் செய்யும் பிழை, 40 நிமிட ரெண்டர் 10 நிமிடமாகக் குறைவதையே லாபமாகக் காட்டுவது. நீங்கள் தூங்கும்போது ஓடும் ரெண்டர் 10 நிமிடத்தில் முடிந்தாலும் 40 நிமிடத்தில் முடிந்தாலும் காலையில் உங்கள் கையில் இருப்பது அதே படம்தான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி காத்திருக்கும் நேரம்தான் உண்மையான செலவு. வெளிச்சத்தைச் சற்று மாற்றிவிட்டு முன்னோட்டம் தெளியும்வரை காத்திருப்பது, தரையின் பளபளப்பைப் பார்க்க ஒரு சோதனைப் படம் எடுப்பது போன்றவற்றை இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரு நாளைக்கு 25 முறை, முறைக்கு 3 நிமிடம் என்று வந்தால் 75 நிமிடம். புதிய கார்டு மும்மடங்கு வேகமானது என்றால் அது 25 நிமிடமாகக் குறையும், அதாவது நாளொன்றுக்கு 50 நிமிடம் மிச்சம். 250 வேலை நாளில் அது சுமார் 208 மணி நேரம். அதை உங்கள் மணிநேரக் கட்டணத்தால் பெருக்கி, வரும் தொகையில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மிச்சமான நேரம் முழுவதையும் யாரும் காசாக்குவதில்லை. அந்தப் பாதித் தொகை இரண்டு ஆண்டுகளுக்குள் கணினியின் விலையை எட்டினால் தயங்காமல் வாங்குங்கள். எட்டாவிட்டால் உங்கள் கூட்டாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கார்டு எத்தனை மடங்கு வேகம் என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல் வேண்டாம். பிளெண்டர் அமைப்பே நடத்தும் ஓப்பன் டேட்டா தளத்தில் ஒவ்வொரு கார்டுக்கும் பயனர்கள் ஓட்டிப் பார்த்த மதிப்பெண் இருக்கிறது. உங்கள் பழைய கார்டின் எண்ணால் புதியதன் எண்ணை வகுத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாத ஒரு நிலை உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேகம் குறைவென்றால் காத்திருந்தாவது வேலையை முடித்துவிடலாம். கார்டின் நினைவகம் போதவில்லை என்றாலோ, ரெண்டர் பாதியில் பிழை காட்டி நிற்கும், அல்லது கணினியின் ரேமைக் கடன் வாங்கிக்கொண்டு பல மடங்கு மெதுவாக நகரும். அப்படிப்பட்ட காட்சிகளைத்தான் நீங்கள் செய்கிறீர்கள் என்றால், மணிக்கணக்கு நோட்டு எதைச் சொன்னாலும் பெரிய நினைவகமுள்ள கார்டு தேவைதான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒன்றைப் பாருங்கள். 8192-க்கு 8192 அளவுள்ள ஒரு வண்ணப் படம், உங்கள் வட்டில் சில எம்பி அளவே உள்ள ஜேபெக் கோப்பாக இருக்கலாம். கார்டுக்குள் ஏறும்போது அது விரிக்கப்பட்டு, புள்ளிக்கு 4 பைட் வீதம் 256 எம்பியை அடைத்துக்கொள்கிறது. ஒரு சோபாவுக்கு நிறம் ஒன்று, மேடுபள்ளம் ஒன்று என்று இப்படி இரண்டு படம் ஒட்டினாலே அரை ஜிபி போய்விடும். அந்தச் சோபா அறையின் மறுகோடியில், முடிந்த படத்தில் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும். அதே படத்தை 2048 அளவுக்குக் குறைத்தால் 16 எம்பிதான் பிடிக்கும், வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சைக்கிள்ஸில் ‘சிம்ப்ளிஃபை’ பகுதியில் இப்படி ஒட்டும் படங்களின் (டெக்ஸ்சர்) அளவுக்கு வரம்பு வைக்கும் வசதியே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உங்களிடம் உள்ளதிலேயே கனமான காட்சியை ரெண்டர் செய்து, அப்போது திரையில் காட்டப்படும் நினைவக உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 12 ஜிபியைத் தாண்டவில்லை என்றால் 16 ஜிபி கார்டே தாராளம், உங்கள் விலைப்புள்ளியின் மிகப் பெரிய தொகை அங்கேயே இறங்கிவிடும். 20 ஜிபிக்கு மேல் போகிறது என்றால் 32 ஜிபி கார்டைக் கேளுங்கள். ‘24 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 48 ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 4090-இலும் 5090-இலும் இரண்டின் நினைவகத்தை ஒன்றாக்கும் என்விலிங்க் இணைப்பே இல்லை. வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், நினைவகமோ ஒரு கார்டில் உள்ள அளவிலேயே நிற்கும்.

பிராசசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டர் வேலையைக் கார்டு செய்யும்போது விலையுயர்ந்த பிராசசர் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அதில் ஒரு படி இறங்கி, மிச்சத்தைக் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம். ‘ஐ9’ என்பதும் 2017 முதல் ஓடும் பெயர், தலைமுறை எண் இல்லாமல் அதற்குப் பொருளில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகளில் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவு ஏற்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் அதற்கான மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன, பெட்டியில் விற்றவற்றுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தச் சிப்பைத்தான் தருகிறார்கள் என்றால், பெட்டியுடன் வருகிறதா, அந்தத் திருத்தத்தைக் கொண்டுவரும் மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். பெட்டியில்லாத டிரே சிப்புக்கு ஏதாவது ஆனால் நீங்கள் அசெம்பிள் செய்தவரின் வாசலில்தான் நிற்க வேண்டும். ரேமைப் பொறுத்தவரை 128 ஜிபி என்றால் 32 ஜிபி நான்கா, 64 ஜிபி இரண்டா என்பதே கேள்வி. உதாரணமாக ஏஎம்டியின் ரைசன் 9000 பிராசசர் வரிசையில் இரண்டு துண்டுக்கு அதிகாரபூர்வ வேகம் 5600, நான்கு துண்டுக்கு 3600. உங்களுக்கு 64 ஜிபி, இரண்டு துண்டாக இருந்தால் போதும். வாட்டர் கூலர் அழகுக்கு, நல்ல காற்றுக் கூலரே போதும்.

கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.-ஐ எல்லோரும் கடைசியாகப் பார்ப்பார்கள், எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். ‘1000 வாட்ஸ் கோல்டு’ என்பதில் உள்ள கோல்டு, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதற்கான 80 பிளஸ் சான்று மட்டுமே. பாதிச் சுமையில் சுமார் 90 சதவீதம் என்பதே அதன் பொருள். ஷார்ட் ஆனால் துண்டிக்குமா, கார்டு திடீரென்று இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்பதைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்வதில்லை. எஸ்.எம்.பி.எஸ்.-களுக்கென 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இருமடங்குச் சுமையைத் தாங்க வேண்டும். ஆகவே முழு மாடல் பெயரோடு, ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று எழுத்தில் கேளுங்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ்.-உடன் வந்த கேபிளை எடுத்து இதில் சொருக எக்காரணத்தைக் கொண்டும் அனுமதிக்காதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், சுவிட்சைப் போட்ட நொடியிலேயே வட்டும் மதர்போர்டும் போய்விடும். கார்டுக்கு மின்சாரம் தரும் 16 முனைச் சிறு இணைப்பியை, இடைவெளி துளியும் தெரியாதவரை நேராக அழுத்திச் சொருகச் சொல்லுங்கள். அரைகுறையாகச் சொருகியதால் ஒரு பக்க முனைகள் பழுத்து, பிளாஸ்டிக் உருகி, கேபிளும் கார்டும் ஒட்டிப்போன நிலையில் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கேபினட்டின் கண்ணாடி இடிக்கிறது என்று வாயருகிலேயே கேபிளை மடிக்கவும் கூடாது, 3.5 சென்டிமீட்டராவது நேராக வந்த பிறகே வளைய வேண்டும். கண்ணாடிக் கேபினட்டும் வண்ண விளக்கும் சேர்த்துவிட்டு, கேபிளுக்கு இந்த இடைவெளியை ஒதுக்காமல் போகும் அசெம்பிளர்கள்தான் அதிகம்.

பில்லில் ஒவ்வொரு உதிரியின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், பெட்டிகள் எல்லாம் உங்களிடம் வந்துசேர வேண்டும். ‘வாரண்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிப் பெட்டிகளை வைத்துக்கொள்பவர், ஆறு மாதத்தில் கடையை மாற்றினால் உங்கள் வாரண்டியும் அவரோடு போய்விடும். தயாரிப்பாளரைக் கேட்டால் விற்றவரிடம் போ என்பார், விற்றவரைக் கேட்டால் தயாரிப்பாளரிடம் போ என்பார். இருவருக்கும் நடுவே உங்கள் கணினி மாதக்கணக்கில் கிடக்கும்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாமல், ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். கணினி தயாரானதும் உங்களிடம் உள்ளதிலேயே கனமான காட்சியை ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்று, அவர் எதிரிலேயே தொடர்ந்து ஒரு மணி நேரம் ரெண்டர் ஓட்டுங்கள். ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் கார்டின் பெயரையும் நினைவக அளவையும் விலைப்புள்ளியோடு ஒப்பிடுங்கள். கணினியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கார்டின் மீது ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் பில்லில் உள்ளதோடு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.