கடல் இல்லாத ஊரில் இறால் வாங்குவது: கேள்வி பதில்

சேலம் சூரமங்கலம் மீன் மார்க்கெட் பக்கம் 18 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இறாலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

அண்ணா, கடற்கரை ஊர்ல "இன்னிக்குப் பிடிச்சதா"ன்னு கேட்டு வாங்குவாங்க. சேலத்துல என்னன்னு கேக்கறது? (அம்மாபேட்டை)

அந்தக் கேள்வியே இங்கே வேண்டாம்மா. நாகப்பட்டினமோ கடலூரோ, எங்கிருந்து வந்தாலும் பல மணி நேரம் வண்டியில் வந்த சரக்குதான். வழியில் ஐஸ் குறையாமல் இருந்ததா என்பதுதான் கணக்கு. அதைத் தலை காட்டிக்கொடுத்துவிடும். இறாலுக்குச் செரிமானச் சுரப்பி தலைக்குள் இருக்கிறது. செத்த பிறகு அதிலுள்ள நொதிகள் பக்கத்துச் சதையைக் கரைக்க ஆரம்பிக்கும். ஐஸ் குறைந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

ஒரு இறாலை வாலைப் பிடித்துத் தூக்குங்கள். தலை உடம்போடு இறுக்கமாக நிற்க வேண்டும். அறுந்து விழுவதுபோல் தொங்கினாலோ, கழுத்தில் மஞ்சளாக நீர் கசிந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். கண் கறுப்பாகப் பளபளவென்று இருக்கட்டும். ஓட்டில் கொழகொழப்பு கூடாது. கடைசியாக விரலை மோந்து பாருங்கள். கடல் வாடை அடிக்கலாம், மூக்கில் ஏறுகிற நெடி அடிக்கக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

தலையில கறுப்பு கறுப்பா இருந்துச்சு, பயந்து கொட்டிட்டேன். சரிதானா? (ஓமலூர்)

பாவம், நல்ல இறாலாகக்கூட இருந்திருக்கும். நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுத்துப்போகுமே, அதே சங்கதிதான். காற்று பட்டு நொதி செய்கிற வேலை. தலையில் லேசாக இருந்து, சதை கெட்டியாக, நெடி இல்லாமல் இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடலாம். வயிறு, கணுக்கள் என்று பரவியிருந்தால் வேண்டாம். புள்ளியே இல்லையென்றால் புதுசு என்றும் நம்பாதீர்கள். கறுக்காமல் இருக்க சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் முக்குவது உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது ஆகாது.

உரிச்சதே வாங்கிக்கலாமா? வேலை மிச்சம். (ஃபேர்லேண்ட்ஸ்)

வேலை மிச்சம்தான். ஆனால் தலையும் ஓடும் போனால் நான் மேலே சொன்ன சாட்சியெல்லாம் போச்சு. கடை போட்ட புதிதில் உரித்த சரக்கு மலிவாகக் கிடைத்ததென்று எடுத்தேன். வெள்ளை வெளேரென்று புசுபுசுவென இருந்தது. வீட்டில் கொஞ்சம் வதக்கினால் சட்டி நிறையத் தண்ணீர், நடுவில் சுருண்டுபோன இறால். அன்றோடு விட்டேன். முழு இறாலைப் பார்த்து எடுத்து, கண் முன்னால் உரிக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு அரைக் கிலோ சொச்சம்தான் தேறும், விலையை அப்படிப் பாருங்கள்.

தடைக்காலத்துல விக்கிறது பழசா? (அஸ்தம்பட்டி)

நம் பக்கத்துக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுகள் போகும், கேரளச் சரக்கும் வரும். அப்போது அதிகம் வருவது வனாமி, பண்ணைக் குளத்தில் வளர்க்கிற இறால். ருசியில் கடல் இறாலுக்கு ஒரு படி கீழே என்பது என் நாக்கு. ஆனால் குளத்திலிருந்து எடுத்த கையோடு ஐஸ் போடுவதால் பல நாள் அதுதான் கெட்டியாக இருக்கிறது. ஓடு மட்டும் மெத்தென்று இருந்தால் பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட இறாலாக இருக்கும், கெட்டது இல்லை. சதையை அமுக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குடல் எடுக்கணுமா?

எடுங்கள். மணல் நறநறக்கும்.

ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போனா தாங்குமா அண்ணா?

தாராளமாக. தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், நடுவில் கவரில் இறுக்கிக் கட்டிய இறால், மேலே மறுபடி ஐஸ். உருகின தண்ணீரில் இறால் ஊறினால் ருசி இறங்கிவிடும், அதற்குத்தான் கவர். மூடிக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒரு தடவை என் பெட்டி பின்சீட்டில் கவிழ்ந்து ஒரு மாதம் காரில் யாரும் ஏறவில்லை.