120 டாக்கிள் எடுத்த கல்லூரி லைன்பேக்கர் என்.எஃப்.எல்-லில் தேறுவாரா? டிவியில் பார்த்தே எடை போடுவது எப்படி

டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஒரு இன்சைட் லைன்பேக்கர், அதாவது டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர், இந்த சீசனில் 120 டாக்கிளை (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) தாண்டிவிட்டார். கூடச் சேர்ந்து ஆட்டம் பார்க்கும் நண்பர்கள், தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-லின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று அடித்துச் சொல்கிறார்கள், ஆனால் அதை முன்கூட்டியே கணிக்கும் மாக் டிராஃப்ட் பட்டியல்களில் பெயர் மூன்றாம் நாலாம் சுற்றில்தான் வருகிறது. கோச்சுகள் பார்க்கும் முழு மைதான வீடியோ தனக்குக் கிடைக்காது, டிவியில் வருவதுதான் கதி, அதை வைத்து நானே ஒரு முடிவுக்கு வர முடியுமா என்பது கேள்வி.

முடியும். முழுதாக முடியாது, ஆனால் நண்பர்கள் சொல்வது சரியா பட்டியல் சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தாராளமாக முடியும்.

முதலில் அந்த 120-ஐ ஓரமாக வையுங்கள். பொய்க்கணக்கு என்று சொல்லவில்லை, ஆனால் அந்த எண் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வதைவிட அவர் இருக்கும் அணியைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். முன்வரிசை டிஃபென்சிவ் லைன் பலவீனமாக இருந்தால் ஓடிவரும் ஆள் எல்லாம் இரண்டாம் வரிசைக்கு வந்து சேர்வார், லைன்பேக்கர் கணக்கு ஏறும். சொந்த அணியின் அஃபென்ஸ் (பந்தோடு ஆடும் பிரிவு) மூன்று பிளேயில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டே இருந்தால் டிஃபென்ஸ் ஆட்டம் முழுக்க மைதானத்திலேயே கிடக்கும், அப்போதும் ஏறும். இதைத் தவிர, கல்லூரி ஆட்டத்தில் டாக்கிள் கணக்கு எழுதுவது உள்ளூர் ஸ்டேடியத்தின் புள்ளிவிவரக்காரர்கள். குவியல் மேல் கடைசியாக வந்து விழுந்தவருக்கும் அசிஸ்ட் (டாக்கிளில் பங்கு) எழுதும் கை ஒன்று இருக்கும், பக்கத்து ஊரில் அதற்கு எதுவும் எழுதாத கை இருக்கும். அதனால் எத்தனை என்று பார்க்காமல் எங்கே என்று பாருங்கள். செகண்ட் அண்ட் 5-இல் (இரண்டாவது முயற்சி, இன்னும் 5 யார்டு தேவை) ஓடுகிறவரை 1 யார்டில் நிறுத்தினாரா, 7 யார்டு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாரா? பட்டியலில் இரண்டும் ஒரே ஒரு டாக்கிள்தான். வீரர்களை எடை போடும் ஸ்கவுட் கண்ணில் முதலாவது அவருடைய வெற்றி, இரண்டாவது எதிரணியின் வெற்றி.

அடுத்தது, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஸ்னாப் ஆனவுடன், அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு பிளே தொடங்கியவுடன், அவர் எடுத்து வைக்கும் முதல் இரண்டு அடி. டிவியில் ஆட்டம் பார்க்கும்போது நம் கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். அதை அடக்கிக்கொண்டு ஒரு கால்மணி நேரம் அந்த ஒருவரை மட்டும் பாருங்கள், பந்து எங்கே போனாலும் போகட்டும். ஸ்னாப்புக்கு முன் லைன்பேக்கர் நேர் எதிரே அஃபென்ஸ் முன்வரிசையில் நிற்கும் கார்டையோ அவருக்குப் பின்னால் நிற்கும், பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கையோ பார்த்துக்கொண்டிருப்பார். கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம், பின்னால் சாய்ந்து அமர்ந்தால் பாஸ், பக்கவாட்டில் கிளம்பினால் யாரோ சுற்றி வருகிறார்கள். நல்ல விக்கெட் கீப்பர் பந்து தரையில் விழும்வரை காத்திருக்காமல் ஸ்பின்னரின் கையைப் பார்த்தே நகர ஆரம்பிப்பார் இல்லையா, அதே படிப்புதான் இது. கார்டு நகர்ந்த அதே நேரத்தில் இவர் காலும் நகர்கிறதா, இல்லை நின்ற இடத்திலேயே இரண்டு முறை தாளம் போட்டுவிட்டு அப்புறம் ஓடுகிறாரா? கல்லூரியில் அந்த அரை நொடியைத் தன் வேகத்தால் ஈடுகட்டிவிடலாம். என்.எஃப்.எல்-லில் அந்த அரை நொடிக்குள் 310 பவுண்டு கார்டு ஒருவர் வந்து நெஞ்சில் கை வைத்துவிடுவார்.

லூக் கீக்லி இந்த விஷயத்தில் இன்றைக்கும் அளவுகோல். பாஸ்டன் காலேஜிலிருந்து 2012-இல் ஒன்பதாவது ஆளாக கரோலினா பேந்தர்ஸ் எடுத்தது, அந்த வருடமே சிறந்த புதுமுக டிஃபென்ஸ் வீரர், 2013-இல் லீகிலேயே சிறந்த டிஃபென்ஸ் வீரர். எதிரணி வரிசையில் நிற்கும்போதே என்ன பிளே வரப்போகிறது என்று கத்திச் சொல்லித் தன் ஆட்களை நகர்த்துவார், அப்படியே நடக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தெரியாமல் பார்த்தால் நல்ல ஆளை மந்தம் என்று எழுதிவிடுவீர்கள். கல்லூரி விதிப்படி பந்து வீசப்படும்வரை அஃபென்சிவ் லைன்காரர்கள் 3 யார்டு வரை முன்னேறி வரலாம், என்.எஃப்.எல்-லில் 1 யார்டுதான் அனுமதி. அதனால்தான் ஆர்.பி.ஓ. எனப்படும் ஓட்டமா பாஸா என்று கடைசி நொடியில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசும் ஆள்) முடிவெடுக்கும் பிளே கல்லூரியில் அவ்வளவு சக்கைப்போடு போடுகிறது. கார்டு ஓட்டத்துக்கு வருவதுபோலவே பாய்ந்து வருகிறார், லைன்பேக்கர் அதை நம்பி முன்னால் வந்தால் விட்டு வந்த இடத்திலேயே பந்து வீசப்படுகிறது. அந்த மாதிரி பிளேயில் யாராக இருந்தாலும் தயங்கத்தான் செய்வார்கள். எனவே தயக்கத்தை ஆர்.பி.ஓ. பிளேயில் அளக்காதீர்கள். குவார்ட்டர்பேக் ஸ்னாப் செய்யும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் பிளேக்கள், கோல் லைன் பக்கத்துப் பிளேக்கள், சந்தேகமில்லாத பாஸ் டவுன்கள், இவற்றில் அளந்து பாருங்கள்.

பிளாக்கை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஓங்கி வரும் கார்டை கையை நீட்டி விலக்கி வைத்துக்கொண்டு, தோளைத் தாழ்த்தி, தன் கேப்பை (தான் காக்க வேண்டிய இடைவெளியை) விடாமல் நிற்கிறாரா, அல்லது ஒவ்வொரு தடவையும் சுற்றி ஓடித் தப்பிக்கப் பார்க்கிறாரா? சுற்றி ஓடுவதே வழக்கம் என்றால் அந்த கேப் காலியாகிறது, ரன்னிங் பேக் அதில்தான் நுழைவார். எப்போதாவது சுற்றி ஓடிப் போய்ப் பிடிப்பது புத்திசாலித்தனம், எப்போதும் அதையே செய்வது பயம்.

சரி, சம்பளத்தைத் தீர்மானிக்கும் பகுதிக்கு வருவோம். பாஸ் கவரேஜ், அதாவது பாஸை வாங்க ஓடும் ரிசீவர்களைத் தடுப்பது. இன்றைய என்.எஃப்.எல்-லில் பாஸைத் தடுக்கவே நிற்கும் டிஃபென்சிவ் பேக்குகள் ஐந்து பேர் இருக்கும் நிக்கல் அமைப்புதான் அன்றாட அமைப்பு, அதாவது பெரும்பாலான நேரம் இரண்டே லைன்பேக்கர்கள்தான் களத்தில் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டுமென்றால் பாஸைத் தடுக்கத் தெரிந்தாக வேண்டும். உங்கள் ஆளிடம் முதலில் பார்க்க வேண்டியது மிக எளிது: தேர்ட் அண்ட் 8 வரும்போது அவர் களத்தில் இருக்கிறாரா, பெஞ்சுக்குப் போகிறாரா? அவருடைய சொந்தக் கோச்சே தேர்ட் டவுனில் அவரை வெளியே எடுக்கிறார் என்றால் முதல் சுற்று பற்றிய பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

களத்தில் இருந்தால், பிளே ஆக்‌ஷன் ஒன்றைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். குவார்ட்டர்பேக் ஓட்டத்துக்குப் பந்தைக் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்கிறார், லைன்பேக்கர் இரண்டு அடி முன்னால் வருகிறார், அதில் தப்பில்லை, எல்லாரும் வருவார்கள். தலைக்குப் பின்னால் ஒரு ரிசீவர் 12 யார்டில் உள்பக்கம் வெட்டுகிறார். இப்போது மூன்று வகை லைன்பேக்கர்களைப் பார்க்கலாம். ஒருவர் பாசாங்கில் முழுதாக விழுந்து இன்னும் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். இன்னொருவர் ஏமாந்தது தெரிந்து பின்னால் நடப்பதுபோல் பின்வாங்குவார், முகம் குவார்ட்டர்பேக் பக்கமே இருக்கும், பந்து தலைக்கு மேல் போகும். மூன்றாவது ஆள் ஏமாந்த கணமே இடுப்பைத் திருப்பி, ரிசீவர் எங்கே வருவார் என்று தனக்குத் தெரிந்த இடத்துக்கு முழு வேகத்தில் ஓடி, ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பந்தைத் தேடுவார். பந்தை அவர் தொடாமல் போகலாம், அவர் அங்கே இருப்பதைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் வேறு பக்கம் வீசியிருக்கலாம், புள்ளிவிவரத்தில் ஒன்றுமே இருக்காது. ஆனால் அணிகள் பணம் கொடுப்பது இந்த மூன்றாவது ஆளுக்குத்தான்.

ஃபிரெட் வார்னரை நினைத்துப் பாருங்கள். பி.ஒய்.யூ.-வில் (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) பல நேரம் ஸ்லாட் ரிசீவர் (முன்வரிசைக்கும் ஓரத்து ரிசீவருக்கும் நடுவில் நிற்பவர்) பக்கம் தள்ளி நின்று ஆடியவர், நடுவில் நின்று முட்டி மோதும் பழைய பாணி லைன்பேக்கர் இல்லை, அதனாலேயே 2018-இல் மூன்றாம் சுற்றில் 70-வது இடம்வரை காத்திருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் அவரை நடுவுக்குக் கொண்டுவந்தது. பாஸுக்குப் பின்னால் ஓடிப் பழகிய அந்தக் கால்களும் கண்களும்தான் அவரைப் பலமுறை ஆல்-ப்ரோ (அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் பட்டியல்) ஆக்கின. அதே டிராஃப்டில் எட்டாவது ஆளாகப் போன ஜார்ஜியாவின் ரோக்வான் ஸ்மித்தும் அருமையான ஆட்டக்காரர்தான், ஆனால் 70-வது ஆள் அவரைவிட ஒரு படி மேலே போய்விட்டார் என்பது என் கருத்து.

வேகத்தைப் பற்றி நண்பர்கள் பேசுவார்கள், டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் இண்டியானாபொலிஸ் கம்பைனில் 40 யார்டு ஓட்டம் முடிந்த அன்று இன்னும் அதிகமாகப் பேசுவார்கள். வேகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2019-இல் 4.42 நொடியில் ஓடிய டெவின் ஒயிட் ஐந்தாவது ஆளாக டாம்பாவுக்குப் போனார், 4.43 ஓடிய டெவின் புஷ்ஷுக்காக பிட்ஸ்பர்க் 20-வது இடத்திலிருந்து 10-க்கு ஏறிவந்தது, 2020-இல் 4.39 ஓடிய ஐசையா சிம்மன்ஸை எட்டாவது இடத்தில் அரிசோனா எடுத்தது. ஒயிட் சூப்பர் பவுல் வெற்றியில் பங்கெடுத்தவர், புஷ்ஷுக்கு இரண்டாம் வருடமே முழங்கால் போனது, அதையெல்லாம் கணக்கில் வைத்தே சொல்கிறேன்: மூவரில் ஒருவரோடும் எடுத்த அணி இரண்டாவது ஒப்பந்தம் போடவில்லை. சிம்மன்ஸை மூன்றே சீசனில் ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வுக்குக் கைமாற்றிவிட்டார்கள். கல்லூரியில் அவரை எல்லா இடத்திலும் நிறுத்தி ஆடவைத்ததைத் திறமையின் அடையாளமாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், ஒரே இடத்தில் நின்று படித்து ஆடிய அனுபவம் குறைவு என்பதைப் போதுமான அளவு எடை போடவில்லை. எதிர்ப்பக்கம், வான்டேஸ் பர்ஃபிக்ட் 2012 கம்பைனில் 5.09 நொடி எடுத்தார், யாரும் டிராஃப்டே செய்யவில்லை, அடுத்த வருடமே லீகில் அதிக டாக்கிள் அவருடையதுதான். நான் 40 யார்டைவிட அதன் முதல் 10 யார்டுக்கான நேரத்தையும், திரும்பி ஓடும் ஷட்டில் நேரத்தையும்தான் முதலில் பார்ப்பேன், லைன்பேக்கர் நேர்கோட்டில் 40 யார்டு ஓடும் நாள் அவருக்கு நல்ல நாளாக இருக்காது.

உயரத்துக்கு ஒரு வரி போதும்: 5 அடி 11 அங்குலம் என்று ஐந்தாம் சுற்றுவரை தள்ளப்பட்ட ஸாக் தாமஸ் 2023-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்.

டாக்கிளைக் கோட்டை விடுவதைக் கட்டாயம் எண்ணுங்கள், இதை நீங்களே பேப்பரில் எழுதலாம். திறந்த வெளியில் தனியாக ஒரு ரன்னிங் பேக்கோடு மாட்டிக்கொள்ளும்போது காலைக் குறுக்கிச் சிறு அடிகளாக வைத்து நெருங்குகிறாரா, தூரத்திலிருந்தே பாய்கிறாரா என்று கவனியுங்கள். பாய்கிறவர் ஹைலைட் வீடியோவில் பிரமாதமாக இருப்பார், கோட்டை விட்டதை அந்த வீடியோவில் யாரும் போடமாட்டார்கள்.

எந்த ஆட்டங்களைப் பார்ப்பது? அணி 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டம் வேண்டாம். சீசனிலேயே பலமான அஃபென்சிவ் லைன் உள்ள எதிரணியோடு ஆடியது ஒன்று, பாஸை நம்பி ஆடும் அணியோடு ஒன்று, தோற்ற ஆட்டம் ஒன்று. பதிவுசெய்து வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எண்ட் ஸோன் பக்கத்திலிருந்து காட்டும் ரீப்ளே வந்தால் விடாதீர்கள், முதல் அடி அதில்தான் பளிச்சென்று தெரியும். சீசன் முடிந்ததும் டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களுக்காக அலபாமாவின் மொபீலில் நடக்கும் சீனியர் பவுலுக்கு அவரைக் கூப்பிட்டால், ஆட்டத்தைவிட அந்த வாரத்துப் பயிற்சிகள் பற்றி வரும் செய்திகளைப் படியுங்கள். ரன்னிங் பேக்கை ஒற்றைக்கு ஒற்றையாகத் துரத்தும் பயிற்சியில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

உடம்பு விஷயம் வெளியிலிருந்து நமக்குத் தெரியாது, டாக்டர் அறிக்கை அணிகளிடம்தான் இருக்கும். நோட்ரடாமின் ஜேலன் ஸ்மித் 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பவுலில் முழங்காலோடு நரம்பிலும் அடிபட்டு, கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். உங்கள் ஆள் திடீரென்று பட்டியலில் சரிந்தால் ஆட்டத்தில் குறை என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக நண்பர்களின் முதல் சுற்றுக் கணிப்பு. நடுவில் நின்று ஆடும் லைன்பேக்கருக்கு முதல் சுற்று எப்போதுமே கஞ்சத்தனமானது, குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ஆட்களுக்கும் கார்னர்பேக்குகளுக்கும்தான் அங்கே போட்டி. 2024 டிராஃப்டில் இந்த வகை லைன்பேக்கர் ஒருவர்கூட முதல் சுற்றில் போகவில்லை, முதல் ஆளாகப் போன டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மின் எட்ஜரின் கூப்பர் 45-வது இடம். ஆகவே மூன்றாம் சுற்று என்று பட்டியலில் இருப்பது அவரை மட்டம்தட்டுவது ஆகாது. தேர்ட் டவுனில் களத்தில் நிற்கிறார், முதல் அடி கார்டோடு சேர்ந்தே நகர்கிறது, பிளே ஆக்‌ஷனில் திரும்பி ஓடுகிறார் என்றால் இரண்டாம் சுற்று என்று தைரியமாக வாதாடுங்கள். ஓட்டத்தை நிறுத்துவதில் மட்டும் கெட்டி என்றால் நாலாம் சுற்றுதான் நியாயம், அப்போது பந்தை உதைக்கும் கிக் ஆஃப் நேரத்திலும் பண்ட் நேரத்திலும் அவர் களத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள், நாலாம் சுற்று லைன்பேக்கர் முதல் வருடம் அணியில் இடம் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஸ்பெஷல் டீம்ஸ் வேலையால்தான்.