பாக்டீரியாவின் கொழகொழப்பு: கேள்வி-பதில்

கே: சாந்தன் பசை செய்யும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவைச் சத்தான வளர்ப்புக் கரைசலில் வளர்த்தேன். நன்றாகக் கலங்கியது, ஆனால் கெட்டியாகவில்லையே?

ப: சத்து கூடிப்போயிருக்கும். நைட்ரஜன் தரும் பெப்டோனும் (சிதைத்த புரதம்) ஈஸ்ட் சாறும் தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா புரதம் செய்து பெருகுவதிலேயே குறியாக இருக்கும். நைட்ரஜன் தீர்ந்து சர்க்கரை மிஞ்சினால்தான் அந்தக் கார்பன் பெருமளவில் சாந்தன் பசையாக மாறும். லிட்டருக்கு 20 முதல் 40 கிராம் குளுக்கோஸ் போட்டு, பெப்டோனைக் குறையுங்கள். வெப்பம் 28 டிகிரி செல்சியஸ், பிஹெச் 7-ஐ ஒட்டி இருக்கட்டும். பசை ஏற ஏற ஆக்சிஜன் உள்ளே இறங்காது. குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் குலுக்குங்கள்.

கே: சர்க்கரைக் கரைசல் நூல் நூலாக இழுபடுகிறது. குளுக்கோஸ் கரைசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் இனிப்புதானே?

ப: இனிப்பு ஒன்றுதான், பிணைப்பு வேறு. சாதாரணச் சர்க்கரை என்பது சுக்ரோஸ், அதாவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பிணைந்தது. இழுபடுவது பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. அது டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற நொதியைச் செல்லுக்கு வெளியே விடும். நொதி சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பசையாக்குகிறது. ஃபிரக்டோஸ் பாக்டீரியாவுக்குத் தீனி. கோப்பதற்கான ஆற்றல் சுக்ரோஸின் பிணைப்பு உடைவதில்தான் கிடைக்கிறது. வெறும் குளுக்கோஸில் அந்தப் பிணைப்பே இல்லை. பல்லில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா காட்டுவதும் இதே வித்தைதான்.

இழுபட்ட பிறகு கொதிக்க வைத்துப் பயனில்லை. பாக்டீரியா சாகும், டெக்ஸ்ட்ரான் அப்படியே இருக்கும், வடிதாளையும் அடைக்கும். கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி வெந்நீர் ஊற்றுங்கள்.

கே: கொழகொழப்பு பாக்டீரியாவின் சேமிப்பு உணவா?

ப: பெரும்பாலும் இல்லை. ஒட்டவும், ஈரம் காக்கவும், கிருமிநாசினியைத் தடுக்கவும்தான். தான் செய்த பசையைத் தானே செரிக்கத் தெரியாத பாக்டீரியாக்கள் ஏராளம்.

கே: குளியலறையில் இளஞ்சிவப்பு வழுவழுப்பு. பிளீச் தெளித்தும் திரும்ப வருகிறது.

ப: பெரும்பாலும் செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. சோப்பு, ஷாம்பு மிச்சமே அதற்குப் போதும். தேய்க்காமல் தெளித்தால் குளோரின் மேல்படலத்திலேயே தீர்ந்துபோகும், அடியில் இருப்பவை பிழைக்கும். முதலில் பிரஷும் சோப்புத்தூளும் போட்டு வழுவழுப்பு போகத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். பிறகு 5 சதவீத பிளீச் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, 10 நிமிடம் ஈரம் காயாமல் ஊறவிட்டு அலசுங்கள். ஆசிட் கிளீனரோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அலசியதும் துடைத்துக் காயவிடுங்கள். சோப்புக் கறையும் ஈரமும் தங்கினால் சில நாளில் மறுபடி சிவக்கும்.